வீசிங்கும் உணவு அலர்ஜியும் ஒரே பிள்ளைக்கு: பெற்றோர் படிப்படியாகச் செய்ய வேண்டியவை

பிள்ளைக்கு வீசிங் என்று டாக்டர் சொன்ன அன்று சாயங்காலமே வீட்டில் ஒரு தடைப் பட்டியல் தயாராகிவிடும். வாழைப்பழம் வேண்டாம், தயிர் வேண்டாம், திராட்சை, ஆரஞ்சு, வெள்ளரிக்காய் வேண்டாம், ஐஸ்கிரீம் பேச்சையே எடுக்காதே. பாட்டி இரண்டு சேர்ப்பார், எதிர்வீட்டு அக்கா இரண்டு சேர்ப்பார், பிள்ளை மாசக்கணக்கில் ரசம் சாதம் மட்டும் சாப்பிட்டு மெலிந்துபோகும், ஆனால் மார்கழி வந்ததும் பழையபடி இழுக்கும். இதே ஊரில்தான், முட்டையை வாயில் வைத்த பத்து நிமிஷத்தில் உதடு தடித்துப்போகிற பிள்ளைக்கு "கொஞ்சங்கொஞ்சமா குடுத்தா பழகிடும்" என்று ஊட்டிப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள்.

விஷயம் இவ்வளவுதான்: ஆஸ்துமா உள்ள பெரும்பாலான பிள்ளைகளுக்கு இழுப்பைக் கிளப்புவது சாப்பாடு கிடையாது. சளிக் காய்ச்சல் வைரஸ், மெத்தைத் தூசியில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி, கரப்பான்பூச்சி, கொசுவர்த்தி, சாம்பிராணி, சிகரெட் புகை, பட்டாசு, இவைதான். ஆனால் ஆஸ்துமாவோடு உண்மையான உணவு அலர்ஜியும் சேர்ந்திருக்கிற பிள்ளை வேறு கணக்கு. உணவு அலர்ஜியில் உயிரே போகிற அளவுக்குப் போனவர்களில் பெரும்பாலோருக்கு ஆஸ்துமாவும் இருந்திருக்கிறது. அதனால் கீழே சொல்வதில் பாதி சாப்பாட்டைப் பற்றியே இருக்காது, நுரையீரலைப் பற்றித்தான் இருக்கும்.

படி 1: இது அலர்ஜிதானா?

முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். உடனடி வகை உணவு அலர்ஜி சாப்பிட்ட சில நிமிஷங்களில் தொடங்கும், மிஞ்சிப்போனால் இரண்டு மணி நேரம். உடம்பில் தடிப்புத் தடிப்பாக எழும்பும், உதடும் கண்ணிமையும் வீங்கும், வாய் அரிக்கும், வாந்தி வரும், குரல் மாறும், இருமல், இழுப்பு. அதே உணவைச் சாப்பிடும்போதெல்லாம் திரும்ப வரும். நேற்று ராத்திரி தக்காளி சாதம் சாப்பிட்டான், விடியற்காலை மூன்று மணிக்கு இருமினான் என்பது அநேகமாக இந்தக் கணக்கில் சேராது; விடியற்காலை இருமல் கட்டுக்குள் இல்லாத ஆஸ்துமாவின் சொந்த குணம், தக்காளி பாவம்.

தோலில் ஒன்றும் இல்லை, வயிற்றில் ஒன்றும் இல்லை, வெறும் இழுப்பு மட்டும்தான் என்றால் அதற்கு உணவு அலர்ஜி காரணமாக இருப்பது அபூர்வம். விதிவிலக்கு ஒன்று சொல்ல வேண்டும்: சல்ஃபைட் என்ற பதப்படுத்தும் ரசாயனம். பளிச்சென்று இருக்கும் உலர்பழங்கள், சில பாட்டில் ஜூஸ்கள், கருக்காமல் இருக்க மருந்து தெளித்த இறால் ஆகியவற்றில் இருக்கும். இது சில ஆஸ்துமாக்காரர்களுக்கு நேரடியாக மூச்சுக்குழாயைச் சுருக்கும். பாக்கெட்டில் 220 முதல் 228 வரை எண்கள் இருந்தால் அதுதான்.

பால் குடித்தால் வயிறு உப்புகிறது, பேதியாகிறது என்பது பெரும்பாலும் லாக்டோஸ் என்ற பால்சர்க்கரை செரியாத பிரச்சினை, அலர்ஜி இல்லை. கைக்குழந்தைக்கு மலத்தில் ரத்தம் கலந்து வந்தால் அது வேறு வகைப் பால் அலர்ஜியாக இருக்கலாம், அதை டாக்டரிடம் உடனே காட்டுங்கள். அப்புறம் நம் வீடுகளில் "கரப்பான் பண்டம்" (தோல் அரிப்பைக் கிளப்பும் சாப்பாடு) என்று கத்தரிக்காய், கருவாடு, மீன் என்று நீட்டி ஒரு வரிசை சொல்வார்கள். கத்தரிக்காய் சாப்பிட்டால் வாய் அரிப்பவர்கள் நிஜமாகவே உண்டு, ஆனால் அரிக்காத பிள்ளைக்கு அந்த வரிசை முழுவதையும் நிறுத்துவதற்கு ஒரு காரணமும் இல்லை.

படி 2: ஒரு நோட்டு போடுங்கள்

டாக்டரிடம் போகும்போது "எது சாப்பிட்டாலும் ஒத்துக்கல டாக்டர்" என்று சொன்னால் அவருக்கு ஒன்றும் பிடிபடாது. இப்படி எழுதுங்கள்: ஞாயிறு மதியம் 1.10, இறால் தொக்கு, மூன்று துண்டு, 1.20, வாய் அரிக்கிறது என்றான், 1.25, கழுத்திலும் வயிற்றிலும் தடிப்பு, 1.30, இருமல், 3 மணிக்கு எல்லாம் அடங்கியது, அன்று காய்ச்சல் இல்லை, காலையில் கிரிக்கெட் ஆடினான், மாத்திரை எதுவும் கொடுக்கவில்லை. கடைசியில் இருக்கிற மூன்று தகவலும் சும்மா இல்லை. ஓடியாடினதும், காய்ச்சலும், சில வலி மாத்திரைகளும் ரியாக்‌ஷனைப் பெரிதாக்கும். கோதுமை தின்று சும்மா உட்கார்ந்திருந்தால் ஒன்றும் ஆகாமல், தின்றுவிட்டு ஓடினால் மட்டும் விழுகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

தடிப்பை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரி வரிசையில் உங்கள் டோக்கன் வரும்போது அது மறைந்திருக்கும்.

படி 3: டெஸ்ட், அதில் இருக்கிற பொறி

கையில் சொட்டுச் சொட்டாக வைத்து லேசாகக் குத்திப் பார்க்கும் ஸ்கின் ப்ரிக் டெஸ்ட், ரத்தத்தில் குறிப்பிட்ட உணவுக்கான ஐஜிஈ (அலர்ஜியைக் கிளப்பும் எதிர்ப்புப் புரதம்) அளவு, இந்த இரண்டும்தான் நம்பகமானவை. ஸ்கின் டெஸ்டுக்கு முன்னால் செட்ரிசின் மாதிரி அலர்ஜி மருந்துகளைப் பொதுவாக 5 முதல் 7 நாள் நிறுத்தச் சொல்வார்கள். ஆஸ்துமா பம்பை நிறுத்தக் கூடாது. தலைமுடியில், ஐஜிஜி (வேறு வகை எதிர்ப்புப் புரதம்) ரத்தப் பரிசோதனையில் "200 உணவு அலர்ஜி பேக்கேஜ்" என்று விற்பதற்கெல்லாம் காசைக் கொடுக்காதீர்கள். ஐஜிஜி இருக்கிறது என்றால் பிள்ளை அந்த உணவைச் சாப்பிட்டிருக்கிறது என்றுதான் அர்த்தம்.

நம்பகமான டெஸ்டிலும் ஒரு பொறி உண்டு. பாசிட்டிவ் என்றால் உடம்பு அந்த உணவை அடையாளம் கண்டு வைத்திருக்கிறது என்று பொருள், சாப்பிட்டால் ரியாக்‌ஷன் வரும் என்று பொருள் இல்லை. இறாலையே எடுத்துக்கொள்ளுங்கள். இறாலில் இருக்கும் டிரோபோமயோசின் என்ற புரதமும், தூசிச் சிற்றுண்ணி, கரப்பான்பூச்சி உடம்பில் இருப்பதும் கிட்டத்தட்ட ஒரே ஜாடை. சென்னை, கடலூர், நாகை மாதிரி ஈரக்காற்று ஊர்களில் சிற்றுண்ணிக்கு அலர்ஜி உள்ள ஆஸ்துமாப் பிள்ளைக்கு, இறாலை வாரா வாரம் நிம்மதியாகத் தின்று வந்தாலும் டெஸ்டில் இறால் பாசிட்டிவ் வரலாம். ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு இறாலை நிறுத்துவார்கள், மெத்தையை அப்படியே விட்டுவிடுவார்கள். ரிப்போர்ட் உங்கள் நோட்டோடு ஒத்துப்போனால் மட்டும்தான் அதற்கு மதிப்பு.

இரண்டும் ஒத்துப்போகாமல் குழப்பமாக இருந்தால், ஆஸ்பத்திரியில் டாக்டர் கண்ணெதிரே அந்த உணவைத் துளித்துளியாகக் கூட்டிக் கொடுத்துப் பார்க்கும் சோதனை இருக்கிறது. கடைசித் தீர்ப்பு அதுதான். இழுப்பு கட்டுக்குள் இல்லாத நேரத்தில் அதைச் செய்ய மாட்டார்கள், செய்யவும் கூடாது. வீட்டில் நீங்களே செய்து பார்க்கவே கூடாது.

படி 4: நுரையீரலை முதலில் சரிப்படுத்துங்கள்

இரண்டு வகை மருந்து இருக்கிறது, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். நீல நிறப் பம்பில் வருகிற சால்ப்யூட்டமால் அந்த நேரத்து இழுப்பைத் திறந்துவிடும், அவ்வளவுதான். மூச்சுக்குழாயின் உள்வீக்கத்தைத் தணிப்பது ப்யூடசோனைட், ஃப்ளூடிகசோன் மாதிரி தினமும் எடுக்கிற ஸ்டீராய்டு மருந்து. வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் நீலப் பம்பு தேவைப்படுகிறது, ராத்திரி இருமி எழுகிறான், ஓடினால் நின்றுவிடுகிறான் என்றால் ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை. தினசரி மருந்து போதவில்லை, அல்லது தினமும் போகவில்லை, அல்லது போகிற விதம் தப்பு.

பெரும்பாலும் மூன்றாவதுதான். ஸ்பேசர் (பம்புக்கும் வாய்க்கும் நடுவில் பொருத்தும் பிளாஸ்டிக் குழாய்) இல்லாமல் பம்பை வாயில் வைத்து அடித்தால் பாதி மருந்து தொண்டையிலேயே ஒட்டிக்கொள்ளும். சரியான முறை இது: பம்பை நன்றாகக் குலுக்கி ஸ்பேசரில் பொருத்துங்கள், நான்கு வயது வரை மாஸ்க்கை மூக்கும் வாயும் மூடும்படி இடைவெளி இல்லாமல் அழுத்திப் பிடியுங்கள், ஒரே ஒரு தடவை அழுத்துங்கள், பிள்ளை சாதாரணமாக ஐந்தாறு மூச்சு விடட்டும், வால்வு டப் டப் என்று அசைவது தெரியும், அரை நிமிஷம் கழித்து, மறுபடி குலுக்கி, அடுத்தது. இரண்டு பஃப்பை ஒன்றாக அழுத்தி நேரத்தை மிச்சம் பிடிக்கக் கூடாது. அழுதுகொண்டிருக்கும்போது மருந்து உள்ளே ஒழுங்காகப் போகாது, அதனால் கார்ட்டூன் போட்டாவது அமைதியாக்கிவிட்டுக் கொடுங்கள். தினசரி மருந்து என்றால் முடிந்ததும் வாய் கொப்பளிக்க வேண்டும், மாஸ்க் போட்டிருந்தால் முகத்தையும் துடைத்துவிட வேண்டும். ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் அலசி அப்படியே காற்றில் காய விடுங்கள். துணியால் உள்ளே துடைத்தால் நிலைமின்சாரம் ஏறி மருந்து பிளாஸ்டிக்கிலேயே ஒட்டும்.

"ஸ்டீராய்டாமே, பழக்கமாயிடுமாமே" என்ற கேள்வி கட்டாயம் வரும். பம்பில் போவது மைக்ரோகிராம் கணக்கு, நேராக நுரையீரலுக்கு. பழக்கமாகாது. பல வருஷம் எடுத்த பிள்ளைகளுக்கு முழு உயரத்தில் சுமார் ஒரு செ.மீ. குறையலாம் என்பது உண்மை, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அடிக்கடி இழுத்து, அடிக்கடி வாய்வழி ஸ்டீராய்டு சிரப் குடித்து, பள்ளிக்கூடம் போகாமல் கிடப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

பால் அலர்ஜி உள்ள பிள்ளைக்கு ஒரு எச்சரிக்கை. கேப்ஸ்யூலைப் போட்டு உறிஞ்சுகிற பவுடர் வகை இன்ஹேலர்களில் லாக்டோஸ் கலந்திருக்கும், அதில் பால்புரதம் துளி ஒட்டியிருக்க வாய்ப்பு உண்டு. பால் அலர்ஜி கடுமையாக இருந்தால் டாக்டரிடம் இதை நீங்களே ஞாபகப்படுத்துங்கள். ஸ்ப்ரே பம்பும் ஸ்பேசரும் போதும்.

வீட்டில்: தலையணை உறை, போர்வையை வாரம் ஒருமுறை நல்ல சூடான தண்ணீரில் துவைத்து மொட்டை மாடி வெயிலில் காயப் போடுங்கள். படுக்கையறையில் கொசுவர்த்தி வேண்டாம், வலை கட்டுங்கள். வெள்ளிக்கிழமை சாம்பிராணியைப் பிள்ளை வெளியே இருக்கும்போது போடுங்கள், மாமியாரிடம் இதைச் சொல்லும் பொறுப்பு அவருடைய மகனுக்கு.

இன்னொன்று. ஜூன் மாதம் ஹைதராபாத்தில் உயிர் மீன் வாயில் மருந்து வைத்து விழுங்க வைப்பதற்கு இங்கிருந்தும் ரயிலேறிப் போகிறார்கள். ஆஸ்துமாவுக்கு அது கேட்கிறது என்பதற்கு நிரூபணம் இல்லை, மீன் அலர்ஜி உள்ள பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவதை நினைத்தாலே பகீரென்கிறது.

படி 5: சமையலறை

உறுதியான ஒன்றை மட்டும் நிறுத்துங்கள், முழுசாக நிறுத்துங்கள். "கொஞ்சம்" என்பதற்கு இங்கே இடமில்லை.

வேர்க்கடலை, எள் அலர்ஜி உள்ள வீட்டில் முதலில் பார்க்க வேண்டியது எண்ணெய். சுத்திகரித்த எண்ணெயில் புரதம் ஏறக்குறைய இருக்காது, அதனால் பெரும்பாலோருக்கு ஒன்றும் செய்வதில்லை. ஆனால் இப்போது எல்லோரும் ஆரோக்கியம் என்று மாறிக்கொண்டிருக்கிற மரச்செக்குக் கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் புரதம் அப்படியே தங்கியிருக்கும். அலர்ஜிப் பிள்ளைக்கு அது கடலையைத் தின்பதற்குச் சமம். வீட்டில் எண்ணெய் மாற்றிய பிறகு தடிப்பு வர ஆரம்பித்ததா என்று யோசித்துப் பாருங்கள்.

வேர்க்கடலை ஒளிந்திருக்கிற இடங்கள்: ஹோட்டல் சட்னி, கோயில் புளியோதரை, எலுமிச்சை சாதம், மிக்சர். முந்திரி: குருமா, பனீர் கிரேவி, கேசரி, சர்க்கரைப் பொங்கல். எள்: இட்லிப் பொடி, முறுக்கு, பன். பால்: நெய்யிலும் கொஞ்சம் புரதம் இருக்கும், "நெய் இல்லாம ஒரு தோசை" என்று சொன்னாலும் கல் அதே கல்தான். பசும்பால் ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு ஆட்டுப்பால் மாற்று இல்லை, பத்தில் ஒன்பது பேருக்கு அதுவும் ஒத்துக்கொள்ளாது. இறால் வறுத்த எண்ணெயில் பஜ்ஜி போட்டால் பஜ்ஜியும் இறால்தான். இறால், மீன் வேகும் ஆவியே சில பிள்ளைகளுக்கு இழுப்பைக் கிளப்பும், ஆஸ்துமாவும் இருந்தால் இன்னும் அதிகம். சமைக்கும் நேரத்தில் வேறு அறையில் இருக்கட்டும்.

பாக்கெட் உணவில், மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு அமைப்பான எஃப்எஸ்எஸ்ஏஐயின் 2020 லேபிள் விதிகளின்படி கோதுமை மாதிரி குளூட்டன் தானியங்கள், இறால் நண்டு வகை, பால், முட்டை, மீன், வேர்க்கடலையும் கொட்டைகளும், சோயா, குறிப்பிட்ட அளவுக்கு மேல் சல்ஃபைட் ஆகியவற்றை அலர்ஜி எச்சரிக்கையாகத் தனியே போட வேண்டும். எள் அந்தப் பட்டியலில் இல்லை. அமெரிக்காவில் 2023 ஜனவரியிலிருந்து எள்ளும் கட்டாயம். இங்கே எள் அலர்ஜி என்றால் சேர்பொருள் வரிசை முழுவதையும் படித்துத்தான் ஆக வேண்டும்.

நிறுத்தியதற்கு ஈடு கொடுக்க மறக்காதீர்கள். பால் போனால் கேழ்வரகு, கீரை, முள்ளோடு தின்னும் சின்ன மீன். ஒரு வயதுக்குள் என்றால் டாக்டர் சொல்லும் சிறப்புப் பால்மாவு தவிர வேறு எதையும் நீங்களாக முடிவு செய்ய வேண்டாம்.

படி 6: பெரிய ரியாக்‌ஷன் வந்தால்

இதை ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள், அந்த நேரத்தில் யாருக்கும் மூளை வேலை செய்யாது.

வெறும் தடிப்பும் அரிப்பும் என்றால் செட்ரிசின் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே இருந்து கவனியுங்கள். ஆனால் அந்த உணவைத் தின்ற பிறகு இருமல் நிற்கவில்லை, இழுப்பு, குரல் கம்முகிறது, நாக்கு வீங்குகிறது, துவண்டு விழுகிறது, வெளிறிப்போகிறது, அல்லது தடிப்போடு திரும்பத் திரும்ப வாந்தி, இதில் எது வந்தாலும் மருந்து ஒன்றுதான்: அட்ரினலின், தொடையின் வெளிப்பக்கத் தசையில், உடனே. செட்ரிசினும் ஸ்டீராய்டு ஊசியும் இதை நிறுத்தாது. நீலப் பம்பு மூச்சுக்குழாயைத் திறக்கும், விழுகிற ரத்த அழுத்தத்தைத் தூக்காது, தொண்டை வீக்கத்தையும் குறைக்காது. ஆஸ்துமாப் பிள்ளைகள் வீட்டில் அதிகம் நடக்கிற விபரீதம் இதுதான்: இழுப்பைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் நெபுலைசரை வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பது. இது ஆஸ்துமாவா அலர்ஜியா என்று தெரியவில்லை, ஆனால் ஆகாத உணவு உள்ளே போயிருக்கிறது என்றால் அட்ரினலின் முதலில், பம்பு அடுத்தது.

அளவு எடைக்குக் கிலோவுக்கு 0.01 மி.கி., குழந்தைகளுக்கு அதிகபட்சம் 0.3 மி.கி. 1 மி.லி.யில் 1 மி.கி. இருக்கும் ஆம்ப்யூலில் (சின்னக் கண்ணாடிக் குப்பி) 15 கிலோ பிள்ளைக்கு 0.15 மி.லி. வெளிநாடுகளில் பேனா மாதிரி தயார் ஊசி கிடைக்கிறது. இங்கே அது எளிதில் கிடைப்பதில்லை, விலையும் அதிகம். அதனால் ஆம்ப்யூலும் 1 மி.லி. சிரிஞ்சும் வைத்துக்கொண்டு, உங்கள் பிள்ளையின் அளவை டாக்டர் கையால் எழுதி வாங்கி, உடைத்து ஏற்றிப் போடுவதை அவர் முன்னாலேயே பலமுறை செய்து பழகுங்கள். வீட்டில் இரண்டு பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும். மருந்து வெளிச்சமும் சூடும் படாத இடத்தில் இருக்கட்டும், வண்டி பெட்டிக்குள் விட்டுவிட்டால் சித்திரை வெயிலில் கெட்டுவிடும்.

போட்டதும் 108. பிள்ளையை மல்லாக்கப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் உட்காரலாம், வாந்தி எடுத்தால் ஒருக்களித்து. நிற்க வைக்காதீர்கள், "நடந்து வா கண்ணு" என்று ஆட்டோவுக்கு நடத்திக்கொண்டு போகாதீர்கள், திடீரென்று எழுந்து நின்றபோது இதயம் நின்றுபோனது உண்டு. ஐந்து நிமிஷத்தில் தேறவில்லை என்றால் இரண்டாவது டோஸ். கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், முகம் வெளுக்கும்; அது மருந்தின் வேலை, கொஞ்ச நேரத்தில் அடங்கும். தேறிவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சில மணி நேரம் இருக்கத்தான் வேண்டும், அடங்கியது திரும்பக் கிளம்பலாம்.

படி 7: பள்ளிக்கூடம்

மேலே சொன்ன தாளின் நகல், போட்டோ ஒட்டி, வகுப்பு டீச்சருக்கும் வேன் டிரைவருக்கும். பையில் நீலப் பம்பும் ஸ்பேசரும் தினமும். சத்துணவு சாப்பிடும் பிள்ளைக்கு முட்டை அலர்ஜி என்றால் அமைப்பாளரிடம் நேரில் சொல்லுங்கள், முட்டை சாப்பிடாதவர்களுக்கு வாழைப்பழம் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. முட்டையை ஒதுக்கிவிட்டு அதே தட்டில் சாப்பிட வைப்பது போதாது. பிறந்தநாள் சாக்லேட்டுதான் பெரிய தலைவலி. டீச்சரிடம் உங்கள் பிள்ளைக்கு ஆகும் மிட்டாய் ஒரு டப்பா கொடுத்து வையுங்கள், யார் எதைக் கொடுத்தாலும் அதற்குப் பதில் இது என்று பிள்ளைக்கும் சொல்லிவிடுங்கள்.

தடுப்பூசியை நிறுத்தாதீர்கள். எம்எம்ஆர் ஊசி (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லாவுக்கானது) முட்டை அலர்ஜி உள்ள பிள்ளைக்கும் போடலாம். ஆஸ்துமா இருப்பதால் ஃப்ளூ ஊசி வருஷா வருஷம் நல்லது, முட்டை அலர்ஜி அதற்கும் தடையில்லை.

அடுத்த குழந்தை இருந்தால்

மூத்தவனுக்குக் கடலை ஆகவில்லை என்று இளையவளுக்கு மூன்று வயது வரை கடலை காட்டாமல் வைப்பது பழைய அறிவுரை. லண்டனில் நடந்து 2015-ல் வெளியான லீப் ஆய்வு அதைத் தலைகீழாக்கியது: கடுமையான எக்ஸிமா என்ற அரிப்புத் தோல்நோயோ முட்டை அலர்ஜியோ இருந்த 640 கைக்குழந்தைகளில், 4 முதல் 11 மாதத்துக்குள் வேர்க்கடலை கொடுக்கத் தொடங்கியவர்களுக்கு ஐந்து வயதில் கடலை அலர்ஜி சுமார் 80 சதவீதம் குறைந்தது. ஆறு மாதத்தை ஒட்டி, வறுத்து மாவாக அரைத்த கடலையைக் கேழ்வரகுக் கூழில் கலந்து, நன்றாக வெந்த முட்டையையும் அதேபோல, ஒன்றொன்றாகப் பகல் நேரத்தில் ஆரம்பித்து, ஒத்துக்கொண்டால் வாரா வாரம் விடாமல் கொடுங்கள். முழுக்கடலை வேண்டாம், மூச்சுக்குழாயில் போய் அடைக்கும். கடுமையான எக்ஸிமா ஏற்கெனவே இருந்தால் மட்டும் முதலில் டாக்டரிடம் கேட்டுவிட்டு.

படி 8: வருஷத்துக்கு ஒருமுறை திரும்பப் பாருங்கள்

பால், முட்டை, கோதுமை அலர்ஜி பல பிள்ளைகளுக்குப் பள்ளி வயதில் போய்விடும். வேர்க்கடலை ஐந்தில் ஒருவருக்குப் போகலாம், முந்திரியும் இறாலும் அதைவிடப் பிடிவாதம். அதனால் வருஷம் ஒருமுறை அலர்ஜி டாக்டரிடம் நோட்டு, பழைய ரிப்போர்ட், பம்பு, ஸ்பேசர் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். பம்பு அடிக்கும் விதத்தை அவர் முன்னால் செய்து காட்டுங்கள், எடை கூடியிருந்தால் அட்ரினலின் அளவைத் திருத்தி எழுதச் சொல்லுங்கள், ஆம்ப்யூலின் காலாவதித் தேதியையும் அன்றே பார்த்துவிடுங்கள். கேக்கில் வெந்த முட்டை ஒத்துக்கொள்ளுமா என்று பார்க்கலாம் என்று அவர் சொன்னால் சரி என்று சொல்லுங்கள், ஆனால் முதல் துண்டு ஆஸ்பத்திரியில்தான்.